ஊருக்கு வெளியே இருப்பதும் ஊர்தான்

கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பற்றிய தீ அடங்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. கொச்சி மூச்சுத் திணறியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கடம்பிரையாற்றங்கரையில் உள்ள அந்தக் கிடங்குக்குக் கொச்சிக் குப்பை மட்டுமா போனது? சுற்றுவட்டார நகராட்சிகளின் குப்பையும் அங்கேதான் போனது. காகிதத்தில் பார்த்தால் அதுவும் பல ஊர் சேர்ந்த வட்டாரத் திட்டம்தான்.

நாலைந்து ஊருக்குச் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தேடுவது நிலத்தை. எதிர்த்துப் பேச ஆளில்லாத கிராமமாகப் பார்த்து முடிக்கிறார்கள். ஆனால் திருவனந்தபுரத்தின் குப்பையைப் பத்தாண்டுக்கு மேல் சுமந்த விளப்பில்சாலை மக்கள், 2011 டிசம்பரில் ஆலை மூடப்படும்வரை ஓயவில்லை. ஆலப்புழைக் குப்பைக்கு எதிராகச் சர்வோதயபுரத்திலும் போராட்டம் வெடித்தது. கொட்ட இடமில்லை என்று ஆன பிறகே இரு நகரங்களும் அடுக்களைப் பக்கம் திரும்பின.

அப்போது கைகொடுத்தது தும்பூர்முழி முறை. நாலடிக்கு நாலடி, நாலடி உயரத்தில் ஒரு தொட்டி. காற்றுப் புக இடைவெளி விட்ட சுவர். அடியில் சாணம், அதன்மேல் சருகு, அதற்கும் மேலே மீன் செதிலும் காய்கறித் தோலும். மறுபடி சாணம், சருகு. உள்ளே சூடு 70 டிகிரி வரை ஏறும். மூன்று மாதத்தில் எரு. காற்றோட்டம் இருப்பதால் நாற்றமும் இல்லை, சாறும் ஒழுகாது.

அதே மீன் செதிலைக் கவரில் போட்டு முடிச்சிட்டால் காற்றில்லாமல் அழுகும். குப்பை மேட்டுக்குள் மீத்தேன் சேரும், கறுப்புச் சாறு கிணற்றுக்கு இறங்கும். குப்பையை எரிக்கும் பெரிய மின் ஆலை வந்தால் பிரிக்கவே வேண்டாம், செலவும் மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. சொதசொதவென்ற சோற்றை எரித்து என்ன மின்சாரம் எடுப்பது?

வீடுகளைவிட எனக்குக் கவலை கல்யாண மண்டபங்கள்தான். பந்தி முடிந்ததும் மேசையில் விரித்த பேப்பரோடு இலை, பாயசக் கப், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டிப் பையில் திணிக்கிறார்கள். அந்தச் சுருட்டுக்குள் கைவிட்டுப் பிரிக்க வேண்டியவர் தூய்மைப் பணியாளர். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. எத்தனை மண்டபத்தில் நடக்கிறது?

பிளாஸ்டிக் ஊர் விட்டு ஊர் போகலாம். கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து, கட்டணம் பெற்று, சுத்தமான பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். அதைத் தரம் பிரிக்கவும் கட்டி அனுப்பவும் பல ஊர் கூடி ஒரு கூடம் வைப்பது நல்ல வட்டாரத் திட்டம். சோறும் இலையும் வார்டு எல்லையைத் தாண்டக் கூடாது. மண்டபத்துக்கு உரிமம் புதுப்பிக்கும்போது தீத்தடுப்புச் சான்று கேட்கிறார்கள் அல்லவா? எருத்தொட்டி எங்கே என்றும் கேட்கட்டும். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.