அண்டை வீட்டுச் சண்டையில் நாம் நுழையலாமா?



போன மாசம் எங்க வகுப்புல வரலாறு டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்க. "வேற ஒரு நாட்டுல போர் நடக்குது. அப்பாவி ஜனங்க சாகறாங்க. நம்ம ராணுவம் அங்க போகணுமா, வேண்டாமா?" போகணும் என்று முதலில் கை தூக்கியவள் நான்தான். பக்கத்து வீடு எரிந்தால் தண்ணீர் ஊற்ற ஓடமாட்டோமா என்று வாதம் வேறு செய்தேன். டீச்சர் கோபப்படவில்லை. "1987-ல போனோமே, அது என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். வகுப்பே அமைதி. எனக்கும் பதில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நூலகத்தில் படித்ததையும், இரண்டு பெரியவர்களிடம் கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படை பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1945-ல் உருவான ஐ.நா. சாசனத்தின் பொது விதி. இதற்கு மூன்று வழிகளில் விலக்கு உண்டு. முதலாவது, தன்னைத் தாக்கினால் திருப்பி அடிக்கும் தற்காப்பு. இரண்டாவது, ஐ.நா. பாதுகாப்பு சபையின் அனுமதி. மூன்றாவது, அந்த நாட்டு அரசாங்கமே "வாங்க" என்று கூப்பிடுவது. இந்தியப் படை இலங்கைக்குப் போனது மூன்றாவது வழியில்தான். ஆனால் கூப்பிட்டது யார், கூப்பிடாதது யார் என்பதில்தான் கதையே இருக்கிறது.

நம்ம ஊரில் தொடங்கிய கதை

பாண்டி பஜாரில் தீபாவளித் துணி எடுக்கிறோம். அதே பாண்டி பஜாரில் 1982 மே 19 அன்று பிரபாகரனும், அவரோடு முன்பு ஒன்றாக இருந்து பிரிந்த உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடையாறு இந்திரா நகருக்கு நம்மில் சிலர் டியூஷன் போகிறோம். அங்கேதான் விடுதலைப் புலிகளின் அலுவலகம் இருந்தது.

1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் மீது பெரிய கலவரம் நடந்தது. வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. அதன் பிறகு போராளிக் குழுக்களுக்கு இந்திய அரசே பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. ஆக, 1987-க்கு முன்பே நாம் அந்தச் சண்டைக்குள் ஒரு காலை வைத்துவிட்டோம்.

பூமாலை

1987 மே மாதம் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியைத் தாக்கியது. ஜூன் 3-ல் இந்தியா ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் உணவும் மருந்தும் அனுப்பியது. இலங்கைக் கடற்படை நடுக்கடலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு போய் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'பூமாலை'. இலங்கை அனுமதிக்கவில்லை, நாம் அதைக் கேட்கவுமில்லை.

இரண்டு மாசத்துக்குள் காட்சி மாறியது. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணம், மாகாண சபை, போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பது, இவைதான் முக்கிய அம்சங்கள். சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்திய அமைதிப்படை போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சண்டை இலங்கை அரசுக்கும் போராளிகளுக்கும். கையெழுத்தோ இலங்கை அரசும் இந்திய அரசும். விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்துப் போடவே இல்லை.

மாலை போட்டவர்கள்

என் தோழியின் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது அவருக்குப் பத்து வயது. முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையில் இருந்தும் பேச்சு மாறவில்லை. அவர் சொன்னது இது:

"இந்தியன் ஆமி வந்த அண்டைக்கு நாங்கள் றோட்டில நிண்டு கை காட்டினனாங்கள். அம்மா மாலை கட்டிக் கொண்டு போனவ. எங்களைக் காப்பாத்த வந்திட்டினம் எண்டு நினைச்சம். ரண்டு மாசத்தில அதே ஆமிக்குப் பயந்து நல்லூர்க் கோயிலுக்க போய் ஒளிச்சம்."

அந்த இரண்டு மாசத்தில் என்ன நடந்தது? செப்டம்பர் 15-ல் திலீபன் ஐந்து கோரிக்கைகளை வைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்து 26-ல் இறந்தார். அக்டோபர் முதல் வாரத்தில் இலங்கைக் கடற்படை பிடித்த புலிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது பன்னிரண்டு பேர் சயனைடு கடித்து இறந்தார்கள். அதற்குப் பின் கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 10-ல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போரே தொடங்கிவிட்டது. அமைதி காக்கப் போனவர்கள் எழுபது நாள் சொச்சத்தில் சண்டைக்காரர்கள் ஆனார்கள்.

அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படையின் முப்பது வீரர்களில் 29 பேர் இறந்தார்கள். அக்டோபர் 21, தீபாவளி அன்று, இந்தியப் படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படையில் போனவர்

எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டுத் தாத்தா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். இத்தனை வருஷம் பேப்பர் படிக்கிற தாத்தாவாகத்தான் எனக்குத் தெரியும். கேட்டவுடனே சொல்லவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோது சொன்னார்:

"அமைதி காக்கப் போறோம்னுதான் எங்களுக்குச் சொன்னாங்கம்மா. சண்டைன்னு யாரும் சொல்லல. முதல் மாசம் டீ கொடுத்த வீட்டையே அப்புறம் சோதனை போட்டோம். உள்ள இருக்கறவங்க தமிழ்ல அழுவாங்க. என்கூட வந்தவங்களுக்கு அது புரியாது. எனக்குப் புரியும்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வீரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்ம பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் அங்கே உயிர் விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஒரு கட்டத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை.

திரும்பி வந்தபோது

1989-ல் புதிய ஜனாதிபதி பிரேமதாசா இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. இந்தியப் படையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார்! அதாவது, சண்டை போட்ட இரண்டு பேரும் சேர்ந்து, விலக்கிவிட வந்தவரைத் துரத்தினார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னையில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை. எந்தத் தமிழர்களைக் காப்பாற்ற அனுப்பினார்களோ, அவர்கள் பெயரைச் சொல்லியே வரவேற்பு மறுக்கப்பட்டது.

கதை அங்கேயும் முடியவில்லை. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரோடு அங்கே நின்ற பலரும் கொல்லப்பட்டார்கள். போர் கடல் தாண்டி நம்ம ஊருக்கே வந்துவிட்டது.

அப்போ, போகவே கூடாதா?

இதுவரை எழுதிவிட்டு, "கூடாது" என்று முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. இரண்டு வருடங்கள் குறுக்கே நிற்கின்றன: 1971, 2009.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியா வந்தார்கள். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். வங்கதேசம் பிறந்தது. அது ஏன் வென்றது? அந்த மக்கள் என்ன வேண்டும் என்று ஏற்கனவே ஓட்டுப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். 1970 தேர்தலில் அங்கிருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஒரே கட்சி, அவாமி லீக், வென்றிருந்தது. நம் படையும் 1972 மார்ச்சிலேயே திரும்பிவிட்டது.

2009-ல் நேர்மாறு. முள்ளிவாய்க்காலில் ஒரு சின்னக் கடற்கரையில் லட்சக்கணக்கான மக்கள் மாட்டிக்கொண்டார்கள். ராணுவம் குண்டு போட்டது. தப்பி ஓட முயன்ற மக்களைப் புலிகளும் சுட்டார்கள். கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அந்த மக்களை வெளியே கொண்டுவர எந்த நாட்டுக் கப்பலையும் எந்த அரசும் அனுப்பவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் காயமடைந்தவர்களைக் கடல் வழியாக ஏற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான்.

தோழியின் அம்மாவுடைய பெரியப்பா குடும்பம் அங்கே போய்விட்டது. 1987-ல் இந்தியப் படைக்குப் பயந்து கோயிலில் ஒளிந்த அதே அம்மா என்னிடம் சொன்னார்: "ஆராவது வந்திருக்கலாம்தானே பிள்ளை. எந்த ஆமி எண்டாலும்."

நான் புரிந்துகொண்டது

பக்கத்து வீடு எரிந்தால் என்று வகுப்பில் சொன்னேன் அல்லவா? நெருப்புக்குக் கட்சி கிடையாது. போருக்கு உண்டு. தண்ணீரோடு போகிறவரையும் யாராவது ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள். அதனால் போவதற்கு முன்பு நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

1. கூப்பிடுவது யார்? அரசாங்கம் மட்டுமா, அங்கே அடிபடுகிற மக்களுமா?
2. துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டதா?
3. போகிற வேலை என்ன? அது சிப்பாய்க்கும் தெரியுமா?
4. என்றைக்குத் திரும்பி வருவோம்?

1971-ல் எதிரியின் சம்மதம் கிடைக்காது. ஆனால் மற்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தது. 1987-ல் நான்கில் ஒன்றுக்கும் தெளிவான பதில் இல்லை.

என் முடிவு இது. இன்னொரு நாட்டின் அரசியலைத் தீர்த்துவைக்கப் படை போகக் கூடாது. ஆனால் சாகக் கிடக்கிற மக்களை வெளியே கொண்டுவர, ஐ.நா. அனுமதியோடு, நாள் குறித்துக்கொண்டு போவது தப்பில்லை. மருந்தும் படகும் அதற்கும் முன்னாலேயே போகணும். "கேள்விக்குப் பதில் வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தால் இன்னொரு 2009 ஆகிவிடும் என்பதும் எனக்குத் தெரிகிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

டீச்சர் மறுபடி கேட்டால் கை தூக்குவேன். கொஞ்சம் யோசித்துவிட்டு.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் ஒரு தாளில் எழுதி எங்கள் வகுப்பில் கொடுங்கள். அடுத்த இதழில் இதே இடத்தில் ஒட்டுகிறோம்.



– பதினோராம் வகுப்பு மாணவி