ஏரி, பொன், கணக்கு: உத்தரமேரூர்ச் சபையின் அன்றாட அலுவல்கள்

சோழர்காலக் கிராம ஆட்சி பற்றிய பேச்செழும்போதெல்லாம் உத்தரமேரூரின் பெயரும் உடனெழுவது வழக்கம். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்ட இரு சாசனங்களை வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். அன்றுதொட்டுக் குடவோலை முறை தேசியவாத வரலாற்றாசிரியரின் பெருமிதச் சின்னமாயிற்று. ஆயின் குடவோலை ஆண்டுக்கொருமுறை நிகழ்வது. எஞ்சிய நாள்களிற் சபையார் யாது செய்தனர் என்ற வினாவே அச்சபையின் சமூக இயல்பை அறிதற்கு உகந்தது.

முப்பது குடும்புகளிலிருந்தும் குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் பன்னிருவர் சம்வற்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் அவ்வாறுபேர் பன்னிரு சேரிகளிலிருந்து வேறாகத் தெரியப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். பஞ்சவாரம் என்பதன் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஏனைய பெயர்களோ தம் பணியைத் தாமே கூறுவன.

இவற்றுள் ஏரியே தலையாயது. தொண்டை மண்டலத்தின் ஆறுகள் ஆண்டு முழுவதும் நீர் தருவன அல்ல. மழைநீரைத் தேக்கினாலன்றி நெல் விளையாது. தேக்கிய ஏரியோ ஆண்டுதோறும் வண்டலால் மேடுறும். பல்லவர் காலத்திலேயே இவ்வூரின் வயிரமேக தடாகத்தில் ஓடம் இட்டுக் குழி வாரி மண்ணெடுப்பதற்கெனப் பொன் வழங்கப்பட்டுள்ளது. அப்பொன்னைச் சபையார் ஏற்று, முதல் குறையாமல் வட்டியைக் கொண்டு தூர் வாருவித்தனர். அஃதாவது, சபை நீர்ப்பாசன நிருவாகியாக இருந்தவாறே பொன்னை வைப்பாக ஏற்கும் நிதியகமாகவும் விளங்கிற்று. பொன்னின் மாற்றுக் காண்போரைத் தெரிவதற்கும் தனி விதிகளை இவ்வூரார் வகுத்தமை இதனால் வியப்புக்குரியதன்று. நிதி புழங்கும் இடத்திற் கணக்கும், கணக்கிருக்கும் இடத்திற் கையாடலும் இருத்தல் இயல்பு.

இரு சாசனங்களுக்கும் இடையிலான இரண்டாண்டு இடைவெளி இங்குதான் பொருள் பெறுகிறது. 919இல் வகுத்த ஏற்பாட்டை 921இல் திருத்தவேண்டிய தேவை ஏன் எழுந்தது? முதற் சாசனம் உறுப்பினரின் வயதெல்லையை முப்பது முதல் அறுபது என்றது. இரண்டாவது அதனை முப்பத்தைந்து முதல் எழுபது என மாற்றியது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதோரை மட்டுமன்றி, அவர்தம் தாய்வழி, தந்தைவழி, மணவழி உறவினரையும் அது விரிவாக எண்ணி விலக்குகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தாரையும் விலக்குகிறது. தீயோர் ஒழிந்து ஏனையோர் வளர வேண்டும் என்பதே தன் நோக்கமென அச்சாசனம் கூறுவதையும் சேர்த்து நோக்கின், ஒருசில குடும்பத்தார் வாரியங்களைத் தம் கைக்குள் வைத்திருந்தனர் என்ற ஊகம் வலுப்பெறும். ஓலை எடுக்கும் முறையிற் காணும் அளவிறந்த எச்சரிக்கையும் இதற்குச் சான்று. குடத்தை எல்லோரும் காண நம்பிமாருள் மூத்தவர் உயர்த்திக் காட்டுவார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். பின்னர் நம்பிமார் அனைவரும் வாசிப்பர். ஒருவரையொருவர் நம்பியோர் வகுத்த முறையாக இது தோன்றவில்லை.

அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் கூறும் குடத்து ஓலை உவமையை இம்முறையின் தோற்றுவாயாகக் காட்டுவாருளர். அங்குப் பேசப்படுவது பொறி ஆராய்ந்து அழித்து ஆவணவோலையை வெளியே எடுக்கும் செயல். வீழ்ந்த மறவரின் குடரைப் பிடுங்கும் பருந்துக்கு அது உவமையாகிறது. தேர்தல் அங்கு வெளிப்படையாக இல்லை. இலக்கியச் சான்றுக்கு அது தாங்கவியலாச் சுமையை ஏற்றுதல் தகாது.

இச்சபை யாருடையது? இறைசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராய், மந்திரப் பிராமணம் கற்றவராய் இருப்போரின் பெயரே குடத்துட் புகும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லாருக்கு அரைக்கால் வேலியே போதும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். பெண்டிரும் உழுகுடிகளும் பறையரும் குடத்துக்கு வெளியே நின்றனர். நொபொரு கராஷிமா 1966இல் ஈசானமங்கலத்தையும் அல்லூரையும் ஒப்புநோக்கி, பிரமதேயமான முன்னதில் தனியாருடைமையும், பின்னதில் கூட்டுடைமையும் மேலோங்கியிருந்ததை எடுத்துக்காட்டினார். சபை தனியுடைமையாளரின் கூட்டம் என்பதை இது தெளிவாக்குகிறது. முதலாம் இராசராசன் தன் 24ஆம் ஆண்டில் (கி.பி. 1009) இறைசெலுத்தாதோர் நிலத்தை விற்கும் உரிமையை ஊராருக்கு அளித்ததை உக்கல் சாசனத்தாற் காண்கிறோம். அரசு வரியைப் பெறச் சபை தேவைப்பட்டது. சபைக்கு நிலத்தின் மீது பிடிவைக்க அரசாணை தேவைப்பட்டது. உத்தரமேரூர்த் தீர்மானங்கள் இரண்டும் அரசனின் ஆணைப்படி, அவனனுப்பிய அதிகாரி உடனிருக்க நிறைவேறியமையும் இங்குக் கருதத்தக்கது.

இந்தியக் கிராமங்களை மாறாத் தன்மையுடையனவாக 1853இல் மார்க்ஸ் வருணித்தது, அவருக்குக் கிடைத்த ஆங்கில அதிகாரிகளின் அறிக்கைகளை ஒட்டியேயாம். இரண்டே ஆண்டில் தன் விதிகளைத் திருத்திய ஒரு சபையின் சுவடு அவர் கைக்கு எட்டியிருக்கவில்லை. அவர் முடிவைக் காப்பதினும் அவர் முறையைக் கையாள்வதே எமக்குப் பொருந்தும்.

இதனாற் சபையின் சாதனையை மறுத்ததாகாது. பதவியிலிருந்து இறங்கியவன் கணக்குக் காட்டவேண்டும், மூவாண்டு மீண்டும் வரலாகாது என்ற விதிகள் பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டன என்பது சிறிய செய்தியன்று. பாண்டி நாட்டு மானூர்ச் சபை, முன்வைக்கப்படும் ஒவ்வொன்றையும் மறுத்து அலுவலைத் தடுப்போருக்கு ஐந்து காசு தண்டம் விதித்ததும் இம்மரபிலேயே சேரும். ஆயினும் ஏரியின் வண்டலை வாரிய ஓடத்தில் நின்றவர் எவர், அவர்க்கு வட்டிப் பொன்னில் எவ்வளவு சென்றது என்பதைச் சுவரிற் பொறிப்பது சபையாருக்குத் தேவையாகப் படவில்லை. அவர்கள் பெயர் எக்குடத்திலும் இடப்பட்டதில்லை.