சக்கரத்தின் சமநிலை

வண்டிக்குப் புதிய டயர் பொருத்திவிட்டால் சக்கரத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். டயர் புதியதாக இருப்பது வேறு. சக்கரம் சமனாக இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதனைச் சிறிது விளக்குவோம்.

ஆணி நடுவே இறங்காத பம்பரம் தள்ளாடுவதைச் சிறுவரும் அறிவர். சக்கரத்தின் நிலையும் அத்தகையதே. ரப்பர்ப் படலங்களையும் எஃகு இழைகளையும் அடுக்கிச் செய்யப்படுவது டயர். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களில் எடை சற்றே மிகும். ரிம்மிலும் காற்றடைக்கும் வால்வு ஓரிடத்தில் அமைகிறது. இரண்டையும் இணைக்கும்போது ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக நிற்பது இயல்பு. எனவே எவ்வளவு உயர்ந்த டயராயினும், ரிம்மில் ஏற்றிய பிறகு சமன் செய்தே ஆகவேண்டும்.

சில கிராம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 50 கிராம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சிறிய காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுழல்கிறது. அப்போது அந்த 50 கிராம், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 8 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் அச்சை வெளிநோக்கி இழுக்கும். வேகம் 40 கிலோமீட்டராயின் இவ்விசை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவே. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி.

மெதுவாக ஓடும் சாலைகளில் இக்குறை மறைந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் குட்வில் எஸ்டேட் போன்ற சிற்றூர்களில் வாழ்வோரின் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருஞ்சாலை, காடுகளையும் வளைவுகளையும் கடந்து செல்கிறது. ஜாரவாப் பழங்குடியினரின் காப்பு நிலத்தினூடே வண்டிகள் அணிவகுத்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்டே செல்லவேண்டும். அங்கே சமநிலையற்ற சக்கரம் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதே வண்டியைக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொணர்ந்து, திருச்சி நெடுஞ்சாலையில் குடும்பத்துடன் விரையும்போதுதான் ஸ்டீயரிங் கையில் நடுங்கத் தொடங்கும். எந்த மாநிலத்து நகர நெரிசலில் வண்டி ஓட்டுவோர்க்கும் இது பொருந்தும். பண்டிகைக்கு ஊர் திரும்பும் நெடும்பயணமே அவர்களது சக்கரத்துக்கு முதற்சோதனை.

நடுக்கம் ஸ்டீயரிங்கில் தோன்றினால் பெரும்பாலும் முன்சக்கரத்தில் குறை. இருக்கையிலும் தரையிலும் தோன்றினால் பின்சக்கரத்தில் குறை. அதனை அலட்சியம் செய்தால் டயர் திட்டுத்திட்டாகத் தேயும், பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் விரைவில் பழுதுபடும், ஓட்டுபவரும் களைப்புறுவார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சென்றால் அது வேறு குறை. அதற்கு வேண்டுவது அலைன்மென்ட் எனப்படும் சக்கரக் கோணச் சீரமைப்பு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பட்டறையில் நாம் கவனிக்கவேண்டியவை சில உண்டு. டயரின் பக்கச் சுவரில் மஞ்சள் புள்ளி இருப்பின், அது டயரின் இலேசான இடத்தைக் குறிப்பதாகும். அதனை வால்வுக்கு நேராக வைத்துப் பொருத்துவது முறை. பின்னர் ரிம்மின் பழைய எடைகளையும் மண்ணையும் நீக்கி, சக்கரத்தை இயந்திரத்தின் தண்டில் நடுமையமாகப் பூட்டவேண்டும். ரிம்மின் விட்டம், அகலம், இயந்திரத்திலிருந்து அதன் தொலைவு ஆகிய மூன்று அளவுகளையும் பெற்றுக்கொண்டு இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றும். உட்புறம் எத்தனை கிராம், வெளிப்புறம் எத்தனை கிராம், எவ்விடத்தில் என்று காட்டும். இரு புறமும் பார்ப்பது இன்றியமையாதது. மேல்கீழாகத் துள்ளும் குறை ஒன்று. பக்கவாட்டில் ஆடும் குறை மற்றொன்று. எடைகளைப் பொருத்திய பின் மீண்டும் ஒருமுறை சுழற்றி, இரு புறமும் சுழி காட்டுகிறதா என்று பார்த்தாலன்றிப் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது.

மழை மிகுந்த ஊர்களில் இன்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ரிம்மின் உட்புறம் அப்பி உலர்ந்த சேறும் சமநிலையைக் குலைக்கும். நடுக்கம் கண்டவுடன் முதலில் அதனைக் கழுவிப் பாருங்கள். பஞ்சர் ஒட்டுவதற்காக டயரைக் கழற்றி மாட்டினாலும், ஒட்டியிருந்த எடை உதிர்ந்துபோனாலும் மறுபடியும் சமன் செய்வதே நலம்.

டயருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறிது. வண்டி நடுங்கட்டும், பிறகு பார்ப்போம் என்றிராமல், டயர் மாற்றும் அன்றே இதனையும் முடித்துக்கொள்வது நம்மை நம்பி வண்டியில் அமர்ந்திருப்போர்க்கு நாம் செய்யும் கடமையாகும்.