சூரைச்செடியின் கீழே

நுண்கடனில் சிக்கித் தவித்த ஒரு சகோதரிக்காக மூன்று மாதங்கள் தனியாக அலைந்தேன். கடைசியில் தவணை கட்டுவதற்காக அவர் தன் தையல் இயந்திரத்தையே விற்றுவிட்டார். அன்று மாலை, இந்த வேலையே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சமூகவியலில் படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை.

அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எழும்பு பிள்ளை, முதலிலை சாப்பிடு" என்று புட்டை முன்னால் வைத்தா.

எலியா தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தார். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், கர்மேலில் வென்ற அவரே யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்கிறார். கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், இருமுறை அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அதன் பிறகுதான் ஓரேபுக்கு 40 நாள் பயணம். அங்கே, தனித்துப்போனேன் என முறையிட்டவருக்கு இன்னும் 7000 பேர் இருப்பதை அறிவித்தார்.

சகோதரிகளே, சோர்வு விசுவாசக் குறைவு அல்ல. உணவும் உறக்கமும், தேவனிடம் ஒளிக்காத முறையீடு, கூட நிற்க ஆட்கள் ஆகிய மூன்றையும் தேடுங்கள்.

மறுநாள், கடன்பட்ட இன்னும் நான்கு பெண்களோடு அந்தச் சகோதரியிடம் போனேன். கடன் தீரவில்லை. ஆனால் ஐவரும் ஒன்றாக இருந்து தவணைக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள்.