மூச்சுக்குழாய்க்குள் ஒரு கதிர்மூலம்

வடக்கு-தெற்குத் தடத்தில் மார்சிலிங்கை விட்டுப் புறப்படும் ரயில் கிராஞ்சியில் நின்று, பின்னர் இயூ டீக்குச் செல்கிறது. மூச்சுக்குழாய்ப் புற்றுக்கு உள்ளிருந்தே அளிக்கப்படும் கதிர்வீச்சு மருத்துவத்திலும் இத்தகைய பயணம் ஒன்று உண்டு. எந்த நிறுத்தத்தில் எத்தனை நொடி என்பதே அங்கு மருந்தின் அளவு.

கட்டியால் அடைபட்ட மூச்சுக்குழாய்க்குள், உள்நோக்கியின் துணையுடன், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நெகிழ்குழாயை மருத்துவர் செலுத்துகிறார். கம்பியின் நுனியில் பொருத்திய, அரிசிமணியினும் சிறிய இரிடியம்-192 கதிர்மூலம் அதனுள் சென்று, சில மில்லிமீட்டருக்கொரு முறை நின்று திரும்புகிறது. கிரேக்கத்தில் 'பிராக்கி' என்பது குறுமையைச் சுட்டுவதால் இதனைப் பிராக்கிதெரப்பி என்பர். 'அண்மைக் கதிர் மருத்துவம்' என்னும் தமிழாக்கம் மூலச்சொல்லினும் தெளிவானது என்பது நம் கருத்து.

ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அந்த ஏற்பளவு 1 கிரே. மூலத்தின் அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் ஏற்பளவைக் குறிப்பது மரபு. கதிர்மூலம் 5 செ.மீ. நீளத்திற்கு வரிசையாக நின்று, 1 செ.மீ. தொலைவில் 10 கிரே அளிப்பதாகக் கொள்வோம். அரை செ.மீ. தொலைவிலோ ஏறத்தாழ 23 கிரே சேர்கிறது. நெகிழ்குழாய் நடுவே நில்லாது சுவரில் சாய்ந்துவிட்டால், அப்பக்கச் சுவர் பெறுவது இன்னும் மிகுதி. சுவரை ஒட்டி நுரையீரல் தமனி செல்லும் இடங்களில் இது உயிரைப் பறிக்கும் குருதிப்பெருக்குக்கு வழிகோலக்கூடும். மூச்சுத்திணறலைத் தணிக்கவே பெரும்பாலும் இம்மருத்துவத்தை நாடுகிறோம் என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். ஆகவே படத்தில் குழாயின் இருப்பிடத்தைக் கண்ட பின்னரே நொடிகள் வகுக்கப்படுகின்றன. கிளைகளில் மூச்சுக்குழாய் குறுகுகிறது. அங்கும் 1 செ.மீ. மரபையே பின்பற்றுவது எப்போதும் பொருந்தாது. மரபைவிட நோயாளியின் குழாய் அளவே நமக்கு முதன்மையாதல் வேண்டும்.

இன்னொரு கணக்கு நாட்காட்டியைச் சார்ந்தது. இரிடியம்-192இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 74 நாள். இன்று 6 நொடி நிற்கவேண்டிய மூலம், 74 நாள் கழித்து அதே ஏற்பளவைத் தர 12 நொடி நிற்கவேண்டும். கவனியாது விட்டால் நோயாளி பெறுவது பாதியளவே. கணினி இதனைத் தானே திருத்திக்கொள்ளும். எனினும், பள்ளி மாணவர் செய்யும் அதே அரை ஆயுட்கணக்கைக் கொண்டு, மருத்துவ இயற்பியலாளர் சிகிச்சைக்கு முன் தனியே ஒருமுறை சரிபார்க்கிறார்.