மே மாதம் பூக்கும் ஆப்பிரிக்கக் கிழங்கு

தருமபுரியில் முதல் கோடை மழை விழுந்ததும், தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தண்டு எழும். நுனியில் சிவப்புப் பந்து. கிட்டப் போய்ப் பார்த்தால் அது அத்தனையும் சின்னஞ்சிறு பூக்கள், 100-க்கும் மேல்கூட இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு மெல்லிய இழைகள், நுனியில் மஞ்சள் மகரந்தம். ஃபுட்பால் லில்லி என்று நாம் அழைக்கும் இந்தச் செடிக்குத் தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளே தாயகம்.

தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பூச்செடியான ஃபிரீசியா மட்டும் இங்கே ஏன் சரியாக வருவதில்லை? கேப் டவுன் பக்கம் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். அந்த மண்ணின் கிழங்கு குளிரில் வளர்ந்து, வறண்ட கோடையில் உறங்கும். நம் ஊரில் அது உறங்கும் நேரம் பார்த்துத் தென்மேற்குப் பருவமழை வந்துவிடுகிறது; கிழங்கு அழுகுகிறது. ஃபுட்பால் லில்லியோ கோடை மழைக்குப் பழகியது.

மே மாதப் பூவின் அரும்பு முந்தைய வளர்ச்சிப் பருவத்திலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். அதனால் பூ முடிந்ததும் இலையை வெட்டவே வெட்டாதீர்கள். அது சமைக்கும் உணவில்தான் அடுத்த ஆண்டின் பூ இருக்கிறது. இலை தானாக மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். செம்மண்ணில் மணல் கலந்தால் நீர் தேங்காது. கிழங்கில் நஞ்சு உண்டு. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.