கரடிக் காட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

அலாஸ்காவின் பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் புதரிலிருந்து பாய்ந்தால், எதிரில் நிற்பவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. துப்பாக்கியை உருவுவது, குறிபார்ப்பது, விசையை அழுத்துவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஆனால் அங்கே மீன்பிடிக்கவோ மலையேறவோ கிளம்புகிறவர்கள் துப்பாக்கி வாங்கப் போனால், பேச்சு நேராகத் தோட்டாவின் பருமனுக்குப் போய்விடுகிறது. சட்டென்று கைக்கு வருமா, தவறாமல் வெடிக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பழைய நம்பிக்கை .44 மேக்னம் ரிவால்வர்மீது. 1950களின் நடுவில் வந்த தோட்டா இது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் விசையை மறுபடி இழுத்தால் உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். கரடி மேலே விழுந்துவிட்ட நிலையிலும் குழலை அதன் உடம்பில் அழுத்திவைத்துச் சுடலாம். பிஸ்டலை அப்படி அழுத்தினால் மேல்பகுதியான ஸ்லைடு சற்றே பின்னுக்கு நகரும். அந்தச் சிறு நகர்வே போதும், விசை இழுத்தாலும் வெடிக்காது.

ரிவால்வரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சுமை குறையட்டும் என்று மிக இலேசான உலோகத்தில் செய்ததை வாங்குகிறார்கள். துப்பாக்கி இலேசாக ஆக உதைப்பு கூடும். ஒவ்வொரு உதைப்புக்கும், உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் ஈயக்குண்டு கூட்டிலிருந்து மயிரிழை மயிரிழையாக முன்னே நழுவும். ஏதாவது ஒன்று உருளையின் முகப்பைத் தாண்டித் துருத்திக்கொண்டால் உருளை சுழலாது. கரடி எதிரே நிற்கையில் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: பயிற்சித் திடலில் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, சுடாத ஆறாவதை எடுத்துப் பாருங்கள். குண்டு நகர்ந்திருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

10 மி.மீ. பிஸ்டலுக்கு இப்போது ஆதரவு பெருகுவதில் நியாயம் இருக்கிறது. கிளாக் 20இல் பதினைந்து தோட்டா பிடிக்கும், உதைப்பும் தாங்கக்கூடியது. வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சீரியஸ் படையினர் துருவக் கரடிக்கு எதிராக இதைத்தான் இடுப்பில் வைத்திருக்கிறார்கள். 2003இல் வந்த .500 மேக்னம் இவற்றையெல்லாம்விட வலியது. ஆனால் அதன் உதைப்பில் கை மேலே எகிறி, மறுபடி குறிக்கு வருவதற்குள் நேரம் போய்விடும். பழகாதவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கும் குழிமுனைக் குண்டு உடம்பில் பட்டதும் விரிந்துவிடும். கரடியின் கொழுப்பையும் தசையையும் தாண்டாமலே நின்றுபோகலாம். இறுகிய ஈயத்தில் வார்த்த தட்டைமுனைக் குண்டு எலும்பையும் துளைத்து உள்ளே போகும். 2016இல் அலாஸ்கா வழிகாட்டி ஒருவர் சாதாரண 9 மி.மீ. பிஸ்டலால் பழுப்புக் கரடி ஒன்றை வீழ்த்தியது இத்தகைய குண்டால்தான். கூடவே பல்லாண்டுப் பழக்கமும் அவர் கையில் இருந்தது.

உறை நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும். இடுப்பில் இருந்தால் முதுகுப்பையின் பட்டை மறைக்கும். பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம்.

டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழுவினர் அலாஸ்காவில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 கரடிச் சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீண்ட துப்பாக்கி 76 சதவீதமும் கரடியைத் தடுத்திருந்தன. துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களைவிடச் சுட்டவர்கள் குறைவாகக் காயப்பட்டதாகத் தெரியவில்லை. மிளகாய்க் காரம் பீய்ச்சும் கரடி ஸ்பிரே பற்றி 2008இல் வந்த ஆய்விலோ, நெருக்கத்தில் அதைப் பயன்படுத்தியவர்களில் 98 சதவீதத்தினர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் பயிற்சி குறைந்தவர் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பிரேயைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2010 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில், அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் யெல்லோஸ்டோனில் சுடுவதற்குத் தடை தொடர்கிறது. அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றவர் தோலை உரித்து, நகங்களோடும் மண்டையோட்டோடும் அரசிடம் ஒப்படைத்து, எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும். கூடாரத்தருகே உணவையும் குப்பையையும் சிதறவிட்டுக் கரடியை வரவழைத்தவருக்கு இந்தத் தற்காப்பு விலக்கு கிடையாது.